ஓசூர் பஸ்ஸுக்கு ஆள் சேர்த்த கதை

1

ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும் சுற்றிவளைத்துக் கடைசியில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள்.

"அங்க நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"வேலை இல்லாதவங்களுக்கு வேலை தேடிக் குடுக்குறேன்."

"என்னது, அங்கயும் வேலை இல்லாம இருக்கானா!"

அந்த 'அங்கயும்' என்ற சொல்லில் எம்புட்டு சந்தோஷம் இருக்கிறது என்று நேரில் கேட்டால்தான் தெரியும். இருக்கிறான் அய்யா, இருக்கிறான். இங்கிலாந்தின் வடக்கே நான் குடியிருக்கும் இந்தச் சின்ன ஊரில் ஒரு காலத்தில் கம்பளி மில் இருந்தது, பிஸ்கட் கம்பெனி இருந்தது. இப்போது பழைய துணி விற்கும் கடைகள் இருக்கின்றன. நகரசபையில் வேலைவாய்ப்பு, தொழிற்பயிற்சி என்று ஒரு பிரிவு உண்டு. அதற்கு நான் மேலாளர். பிஸ்கட் கம்பெனியில் முப்பது வருஷம் மாவு பிசைந்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நேர்முகத் தேர்வில் எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பேன். பெரியவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசினால் அம்மாவிடம் கிள்ளு வாங்கி வளர்ந்தவள் நான். என் தலையெழுத்து, கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு இதே பிழைப்பு. என் தம்பி ஜெபராஜ் மதுரையை ஒட்டிய ஒரு நகராட்சியில் தொழிற்பயிற்சி மையத்தின் பொறுப்பாளராக இருந்தான். எந்த நகராட்சி என்பது வேண்டாம். அங்கே இன்னும் தெரிந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். தையல், ஏசி மெக்கானிக், கம்ப்யூட்டர், நர்சிங் உதவியாளர் என்று இலவசப் பயிற்சி. முடித்தவர்களுக்கு ஒரு சான்றிதழ், அப்புறம் வேலைவாய்ப்பு முகாம். நான் ஆங்கிலத்தில் செய்வதை அவன் தமிழில் செய்தான். எனக்குப் பென்ஷன் உண்டு, அவனுக்குக் கிடையாது. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்து அதே பள்ளிக்கூடத்தில் ஓய்வுபெற்றவர். சாகும்வரை எங்கள் இரண்டு பேர் வேலையும் அவருக்குப் புரியவில்லை. "வேலை இருந்தா ஆள் தானா வரப்போறான். இதுல நடுவுல நீங்க ரெண்டு பேரும் எதுக்கு?" என்பார். அன்றைக்குச் சிரித்தோம்.

போன வருஷம் இதே வாரத்தில்தான் ஆரப்பாளையத்தில் அந்தப் பஸ் நின்றது. நேற்று அலுவலகக் காலண்டரைத் திருப்பும்போது ஞாபகம் வந்து வேலையே ஓடவில்லை. யாரிடமாவது சொல்லித் தொலைக்கலாமென்றால் இங்கே யாரிடம் சொல்வது? அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

அம்மாவின் நினைவு நாள் ஜெபத்துக்காக நான் ஊருக்குப் போயிருந்தேன். தம்பி கே.கே. நகருக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருக்கிறான். அவன் மனைவி சாந்தி, ஒரே மகள் பெனிட்டா. பெனி பி.காம் முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்தால் நூலகம், சாயந்திரம் கோச்சிங், ராத்திரி மொட்டைமாடியில் நடந்துகொண்டே மனப்பாடம். தேர்வுக்குச் சில வாரங்கள்தான் இருந்தன.

"எதுக்குடி இப்படி உசுரக் குடுத்துப் படிக்கிற? வெளியில கம்பெனி வேலை கெடைக்காதா?" என்று கேட்டேன்.

"கெடைக்கும்த்தை. அப்பாவுக்குக் கெடைச்ச மாதிரி கெடைக்கும். எனக்குப் பர்மனெண்ட் வேணும்" என்றாள்.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஜெபராஜ் தற்காலிகம். ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தம் முடியும், ஒவ்வொரு வருஷமும் கடைசி நேரத்தில் நீட்டிப்பார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலை வாங்கிக்கொடுக்கிற ஆள், அடுத்த வருஷம் தனக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல் பங்குனி மாதம் முழுக்கத் தூங்கமாட்டான்.

அந்த வருஷம் நிலைமை இன்னும் மோசம். பயிற்சி கொடுத்தது போதாது, முகாமில் வேலைக்கு எடுத்தவர்கள் உண்மையிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், சேர்ந்ததற்குப் படமும் சான்றும் வேண்டும், இல்லாவிட்டால் மையத்தை ஏதாவது ஒரு தனியாரிடம் ஒப்படைத்துவிடுவோம் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். தனியார் வந்தால் அவர்கள் ஆளை வைத்துக்கொள்வார்கள். ஜெபராஜ் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். நாற்பத்தெட்டு வயதில்.

"யக்கா, நான் எத்தனை பேத்துக்குச் சொல்லிக்குடுத்தேங்கிறதெல்லாம் கணக்கே இல்ல. அனுப்புன பொண்ணு போய்ச் சேந்தாளா, நின்னாளா, அதான் கணக்கு. அவ அங்க நின்னாத்தான் நான் இங்க நிக்கலாம்" என்றான்.

"எங்க ஊர்லயும் இதே கூத்துதான்டா" என்றேன்.

"உங்க ஊர்ல ஆள் சேரலேன்னா உன்ன வீட்டுக்கு அனுப்புவாங்களா?"

"அனுப்ப மாட்டாங்க. கமிட்டி போடுவாங்க."

வெகுநாளைக்கு அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான். சாந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மதினி, அவுக சிரிச்சு எம்புட்டு நாளாச்சு தெரியுமா" என்றாள்.

3

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாழைமரம் கட்டாததுதான் குறை. வாசலில் பேனர், அதில் பெரியவர்கள் படம். உள்ளே மேஜை மேஜையாகக் கம்பெனிகள். நிறைய கம்பெனிகள் வந்திருந்தாலும் ஆள் எடுக்கிற கம்பெனி ஒன்றுதான். ஓசூர் பக்கம் எலக்ட்ரானிக் சாமான் செய்யும் கம்பெனி. பெண்பிள்ளைகள் மட்டும். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் உண்டு. ஷிப்ட் மாறி மாறி வரும்.

அந்தக் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஹெச்.ஆர். பையன் பூனாக்காரன். தமிழ் ஒரு சொல் தெரியாது. என் மகன் வயதுதான் இருக்கும். பேச ஆள் தேடித் திண்டாடிக்கொண்டிருந்தான். ஜெபராஜ் மேடையில் சிறப்பு விருந்தினர் வருகைக்காகப் பொன்னாடையோடு காத்துக்கொண்டிருந்தான். விருந்தினர் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று வெயில் ஏறிக்கொண்டே போனது. "யக்கா, நீ கொஞ்சம் அந்தப் பையனுக்குத் துணைக்கு உக்காரு. இதெல்லாம் உனக்குத் தெரிஞ்ச வேலைதானே" என்றான்.

தெரிந்த வேலைதான். நான் போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, ஏன் மறைக்க?

முதலில் வந்தது கோரிப்பாளையத்துப் பெண், பர்வீன். தையல் கடை வைத்திருப்பவரின் மகள். கம்ப்யூட்டர் வகுப்பில் முதலாவதாக வந்தவளாம். பக்கத்தில் அவள் அம்மா. கேட்ட கேள்விக்கெல்லாம் பர்வீன் பளிச்சென்று பதில் சொன்னாள். பையனுக்குப் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஆரப்பாளையத்தில் கம்பெனி பஸ் நிற்கும், வந்து சேருவாளா என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் தமிழில் கேட்டேன்.

பர்வீன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பிள்ளையும் எழுந்தாள்.

"சரிங்க, ரொம்ப சந்தோஷம். இன்ஷா அல்லா, வாரோம்" என்றார் அம்மா.

"வருகிறார்கள்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பையன் பெயருக்கு நேராக டிக் போட்டான்.

அடுத்த பெண் சான்றிதழ்களை நெகிழிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து, "வாரேங்க்கா" என்றாள். டிக். அதற்கடுத்தவள் நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிவிட்டு, "அப்ப நான் வாரேன் மேடம்" என்றாள். டிக். அழகர்கோவில் ரோட்டுப் பக்கமிருந்து தன் அண்ணனோடு வந்த ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டு, "வாரேன்" என்றாள். டிக். வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படியே. இப்படி ஒரு ஊரைத் தான் பார்த்ததே இல்லை என்று பையன் வாயைப் பிளந்தான். அங்கேயே யாருக்கோ போன் போட்டு, சிறிய வண்டி வேண்டாம், பெரிய பஸ்ஸாக அனுப்புங்கள் என்றான். நான் மேடையில் இருந்த தம்பியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து காபியைக் கையில் எடுத்தபோதுதான் ஜெபராஜ் கேட்டான்.

"எல்லாருமேயாக்கா?"

"எல்லாருந்தான். ஒருத்தி விடாம வாரேன்னு சொல்லிட்டாங்க."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "எப்பச் சொன்னாங்க? உக்காந்துக்கிட்டா, எந்திரிச்சா?"

"இது என்னடா கேள்வி? எந்திரிச்சுத்தான் சொன்னாங்க."

"யக்கா..." என்றான். "எந்திரிச்சு நின்னு 'வாரேன்'னா, 'போய்ட்டு வாரேன்'னு அர்த்தம்க்கா. ஆளவிடுங்கன்னு அர்த்தம். நம்ம ஊர்ல எவளாச்சும் கெளம்புறப்ப 'போறேன்'னு சொல்லுவாளா?"

நானும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே. வாசலில் நின்று 'போறேன்' என்று சொன்ன பாவத்துக்கு எத்தனை தடவை அம்மா என்னைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் குடிக்கவைத்து, 'வாரேன்' சொல்லவைத்து அனுப்பியிருக்கிறாள்! அந்தச் சொல் என் காதில் விழுந்தது, நான் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறேன்.

4

இங்கே வந்த புதிதில் வெள்ளைக்காரர்கள் 'இல்லை' சொல்லும் விதம் எனக்குப் பிடிபடவே இல்லை. "நல்ல யோசனை, மனதில் வைத்துக்கொள்கிறேன்" என்று என் அதிகாரி சொன்னால் நான் மறுநாளே அதற்கான வேலையைத் தொடங்கிவிடுவேன். "ஒருநாள் கட்டாயம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும்" என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதை நம்பி, எந்தக் கிழமை என்று கேட்டு அந்த அம்மாவைத் திகைக்கவைத்தேன். இதெல்லாம் 'இல்லை'யின் பல வேஷங்கள் என்று படித்து முடிக்கவே பல வருஷம் ஆனது. இப்போது இங்கே யார் என்ன மழுப்பினாலும் எனக்குப் புரிந்துவிடும். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருப்பவன் அடுத்த வாரம் வருவானா மாட்டானா என்று அவன் தன் மேல்கோட்டைக் கையில் எடுக்கும் விதத்திலேயே சொல்லிவிடுவேன். அலுவலகத்தில் இதற்கு எனக்குப் பெயரே உண்டு. ஒன்றைக் கற்றபோது மற்றது கையை விட்டுப் போயிருக்கிறது, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

என் மகன் டேனியல் இங்கேயே பிறந்தவன். படிப்பு முடிந்து மான்செஸ்டருக்குக் குடிபோனான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, அவனுக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "அம்மா, நான் போறேன்" என்றான்.

"போறேன்னு சொல்லக் கூடாதுப்பா. வாரேன்னு சொல்லு."

"ஆனா நான் வரலையே" என்றான் ஆங்கிலத்தில், குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அவன் கேலி பண்ணவில்லை. நிஜமாகவே கேட்டான். அவன் சொன்ன மாதிரிதான் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு வருவான், மறுநாள் ரயில் பிடிப்பான்.

அதை நினைத்து நான் வருத்தப்படாத நாளில்லை. ஆனால் அன்று மதுரையில், தம்பி வீட்டு மாடியில், மகன் பேச்சுக்கும் என் காதுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையே என்று தோன்றியது.

5

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக்கூடப் போகாமல் ஜெபராஜ் வீடு வீடாக ஏறி இறங்கினான். பஸ்ஸை வேண்டாமென்று சொல்ல முடியாது. சொன்னால் முகாம் தோல்வி என்று அவனே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். யாராவது ஐந்தாறு பேர் கிளம்பினால் போதும் என்றான். நான் வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்து போனேன். எல்லா வீட்டிலும் நாற்காலி போட்டார்கள், கலர் வாங்கிவந்து கொடுத்தார்கள். ஒருவரும் 'அனுப்பமாட்டோம்' என்று சொல்லவில்லை. "அவ அப்பா ஊர்ல இல்ல", "பொண்ணு பாக்க வாராங்க", "ஊருக்குப் பேசிட்டுச் சொல்றோம் சார்." அவன் எல்லாரிடமும் ஒன்றையே சொன்னான். "பயப்படாதீங்க. எம் பொண்ணா இருந்தா அனுப்பமாட்டேனா?"

திங்கட்கிழமை விடியும்போதே ஆரப்பாளையம் போய்விட்டோம். பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு லாட்ஜ் வாசலில் கம்பெனி பஸ் நின்றது. புதுப் பஸ், சீட்டுக்கெல்லாம் வெள்ளை உறை. பூனாப் பையன் கம்பெனி பெயர் போட்ட தொப்பிகளை ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தான். வருகிற பெண்களுக்குக் கொடுக்கவாம். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையாட்டினான்.

வெளிச்சம் வந்தது. தேனி பஸ்கள் போயின, கோயம்புத்தூர் பஸ்கள் போயின. எங்கள் பஸ்ஸுக்கு ஒருத்தரும் வரவில்லை. "அண்ணே, ஆளு எங்கண்ணே? எப்ப எடுக்குறது?" என்று டிரைவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஜெபராஜ் ஒவ்வொரு நம்பராகப் போட்டான். சில போன்கள் அடித்து ஓய்ந்தன, பல அணைத்துவைக்கப்பட்டிருந்தன. நடுநடுவே அலுவலகத்திலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. "கொடியசைக்கிற போட்டோ எங்க ஜெபராஜ்? குரூப்ல போடுங்க, மேல கேக்குறாங்க." அவன் "இதோ சார், இதோ சார்" என்றான். பூனாப் பையன் தொப்பிப் பெட்டியை மூடிவிட்டு ஓரமாகப் போய் தன் மேலதிகாரியிடம் பேசத் தொடங்கினான். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்போது ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து பர்வீனின் அம்மா இறங்கினார். தனியாக. ஜெபராஜ் முகத்தில் ஒரு நிமிஷம் உயிர் வந்தது.

"வாங்கம்மா. பாப்பா எங்க?"

"கூட்டியாரலண்ணே. போன்ல சொல்ல மனசு கேக்கல, அதான் நேர்ல வந்தேன். கோவிச்சுக்காதீங்க." அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "அவளுக்குப் போகணும்னு ஆசைதான். ராத்திரியெல்லாம் அழுதா. அவ அத்தா வேணாங்குறாரு. நைட் ஷிப்டு, தெரியாத ஊரு. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நேத்து உங்க பொண்ணா இருந்தா அனுப்புவேன்னு சொன்னீங்களாம். நிசமாச் சொல்லுங்கண்ணே, அனுப்புவீங்களா? நீங்க அனுப்புவேன்னு சொன்னா நான் அவர்கிட்ட திரும்பப் பேசிப் பாக்குறேன்."

அந்த அம்மா குத்திக்காட்டக் கேட்கவில்லை. பதில் வேண்டித்தான் கேட்டார். ஜெபராஜ் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டான்.

"பெனி, ரெண்டு மூணு துணி எடுத்துக்க. ஆதார எடுத்துக்க. ஆட்டோ புடிச்சு ஆரப்பாளையம் வா. சீக்கிரம் வா."

நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன். "டேய், உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அவளுக்குப் பரீட்சை இருக்குடா!"

"ஒரு மாசம்க்கா. ஒரே ஒரு மாசம். ஆள் சேந்துச்சுன்னு காட்டணும். சார் மகளே போயிருக்குன்னா நாலு பேரு பின்னாடி வருவாங்க. அதுக்குள்ள கூட்டியாந்துருவேன். பரீட்சைக்கு முன்னாடியே கூட்டியாந்துருவேன்."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"கேட்டா வேணாம்பா. அப்புறம் நான் என்ன பண்ணுறது? சொல்லு, நீ சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?" நடுரோட்டில் நின்று கத்தினான். லாட்ஜ் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் தம்பி அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

பெனி வந்தாள். படிக்கிற பையிலேயே துணியைத் திணித்துக்கொண்டு வந்திருந்தாள். புத்தகங்களை எடுத்து வைக்கக்கூட நேரமில்லை போல, பக்கவாட்டுப் பையில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் நீட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். முகாமில் பெயர் பதிந்தவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தவள்தானே, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எம்புட்டு நாளைக்குப்பா?"

"ஒரு மாசம்மா."

தலையை ஆட்டினாள். என்னிடமோ அவனிடமோ சொல்லிக்கொள்ளாமலே ஏறினாள். பூனாப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் ஒரு தொப்பியை எடுத்துக் கொடுத்தான். அவள் போட்டுக்கொண்டாள். படிக்கட்டில் நிற்கச் சொல்லி ஜெபராஜ் படம் எடுத்தான். முதல் படம் கலங்கிவிட்டது. இன்னொன்று எடுத்து குரூப்பில் போட்டான். பர்வீனின் அம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய பஸ், வெள்ளை உறை போட்ட அத்தனை சீட்டு, உள்ளே ஒரே ஒரு பிள்ளை. பைபாஸ் ரோட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

அன்று பகல் முழுக்கச் சாந்தி என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைத்தாள். அவளுக்கு யார்மேல் கோபமோ, நான் கேட்கவில்லை.

6

அந்தப் படத்துக்கு அலுவலகத்திலிருந்து வந்த பதில்: "ஒரு ஆள்தானா?"

நான் இங்கே திரும்பி வந்தபிறகு ஒரு மாசம் முடிந்தது. பின்னால் நான்கு பேரும் வரவில்லை, ஒருவரும் வரவில்லை. சேர்ந்த உடனே விட்டால் சேர்ந்ததாகவே கணக்கில் வராது, மூன்று மாசம் நிற்க வேண்டும் என்று ஜெபராஜுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவனும் பெனியிடம் இன்னும் கொஞ்ச நாள் இரு என்றிருக்கிறான். அதற்கிடையில் பரீட்சை வந்தது, போனது. அவளுக்கு லீவு கொடுக்கவில்லை. மூன்று மாசம் முடிவதற்குள் மையத்தைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே கட்டடம், அதே தையல் மிஷின்கள், வேறு பேனர். அவனை யாரும் போகச் சொல்லவில்லையாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அம்புட்டுத்தான். அவன் கொஞ்ச நாள் பழக்கதோஷத்தில் காலையில் கிளம்பிப் போய் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தான் என்று சாந்தி சொல்லி அழுதாள்.

வேறு வேலை தேடாமலா இருந்தான்? எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் போனில் அவனுக்குச் சொன்னேன். சுயவிவரத்தை இப்படி எழுது, அனுபவத்தை முதலில் போடு, கண்ணைப் பார்த்துப் பேசு. எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றான். அவனே ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அவன் எனக்காகக் கேட்டுக்கொண்டான் என்று இப்போது தெரிகிறது.

டேனியலிடம் இதைச் சொன்னபோது, "பெனி ஏன் முடியாது என்று சொல்லவில்லை?" என்று கேட்டான். ரொம்ப அக்கறையோடுதான் கேட்டான், அவனுக்கு அவளைப் பிடிக்கும். விளக்க ஆரம்பித்தேன். நடுவில் அவனுக்கு இன்னொரு அழைப்பு வந்துவிட்டது.

இங்கே எங்கள் பிரிவையும் சுருக்கப் போகிறார்கள். போன மாதம் எங்களையெல்லாம் உட்காரவைத்து வண்ண வண்ணப் படங்கள் போட்டுக் காட்டினார்கள். யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லுகிற அன்றைக்குச் சொல்லட்டும். எனக்கு அதில் பயம்கூட வரவில்லை.

தம்பியிடம் ஒருநாள் சண்டையே போட்டேன். "அவ கெடந்து சாகவாடா அங்க? கூட்டிட்டு வாடா. அடுத்த பரீட்சைக்காச்சும் படிக்கட்டும்."

"கூட்டியாந்துட்டு?" என்றான். குரலில் கோபமே இல்லை. "யக்கா, இப்ப வீட்டுல சம்பளம்னு வாரது அவளுது ஒண்ணுதான். எப்படிக்கா வான்னு சொல்லுவேன்?"

நான் பணம் அனுப்புகிறேன் என்று வாயெடுத்தேன். "நீ எம்புட்டு நாளைக்கு அனுப்புவ?" என்று முடித்துவிட்டான். அவன் மகள் இனி வரமாட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று சத்தம்போட்டு அழுதேன். ஒரு ஆளைச் சேர்த்துவிட்டோம், நானும் என் தம்பியும், எங்கள் இத்தனை வருஷ அனுபவத்தையும் வைத்துக்கொண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை பெனியே வீடியோவில் கூப்பிட்டாள். அவளுக்கு அன்றைக்கு ஓய்வு. பின்னால் பெண்பிள்ளைகள் இந்தியிலும் ஒடியாவிலும் பேசுகிற சத்தம். மெலிந்திருந்தாள். நல்லாயிருக்கியா என்று கேட்டேன், நல்லாயிருக்கேன் என்றாள். சாப்பாடு எப்படி என்றேன், பழகிருச்சு என்றாள். படிக்கிறியா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அத்தை, ஒரு விசயம் கேக்கணும். இங்க ஹாஸ்டலுக்கு வாட்ச்மேன் எடுக்குறாங்க. அப்பாவுக்குக் கேட்டிருக்கேன். தங்க ரூம் குடுப்பாங்க. அப்பா சரின்னுட்டாரு."

அவள் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"வயசு நாப்பத்தொம்பதுன்னதும் கொஞ்சம் யோசிக்கிறாங்க அத்தை. அடுத்த வாரம் நேர்ல பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. அப்பாவுக்குப் பேசவே வராதுத்தை, தலையக் குனிஞ்சுக்குவாரு. நீங்க அங்க இதே வேலைதானே பாக்குறீங்க? என்ன சொன்னா எடுப்பாங்கன்னு அப்பாவுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுங்கத்தை."

திரையில் அவள் முகம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஹாஸ்டல் ஜன்னலில் துணி காய்ந்தது.

"பாக்குறேன்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.